விளம்பரம் வரும்வரை என்ன செய்வது?

கேள்வி:

எனக்கு வயது 28. திருச்சியில் எம்.எஸ்ஸி. தாவரவியல் படித்தேன், 72 சதவீதம். படிப்பு முடிந்ததும் ஒரு தனியார் பள்ளியில் இரண்டு வருடம் பயாலஜி எடுத்தேன். பிறகு கல்யாணம், குழந்தை. குழந்தைக்கு இப்போது இரண்டரை வயது. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியோ பேராசிரியர் வேலையோ பார்க்க வேண்டும் என்பது காலேஜ் நாளிலிருந்து இருக்கிற ஆசை. தினமும் போனில் வேலைவாய்ப்புச் செய்திகளைத்தான் பார்க்கிறேன். எல்லாவற்றிலும் நெட், பிஎச்.டி., அனுபவம் என்று கேட்கிறார்கள். பிஎச்.டி. இப்போது கட்டாயமில்லை என்று சிலர் சொல்கிறார்கள்; அது இல்லாமல் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். இதற்கு நடுவில் தெரிந்தவர் ஒருவர், அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் இடம் காலியாக இருக்கிறது, பேசி முடித்துக்கொள்ளலாம் என்கிறார். வாழைத் தோட்டத்தை அடமானம் வைக்கலாமா என்று மாமனார் யோசிக்கிறார். வெளியூரில் தங்க இப்போது வழியில்லை. திருச்சிக்குத் தினம் போய் வரலாம், வீட்டில் சம்மதம்தான். எங்கே தேடுவது, எதிலிருந்து தொடங்குவது?

– வாசகி, முசிறி

பதில்:

முதலில் மாமனாரிடம் சொல்லிவிடுங்கள்: தோட்டம் தோட்டமாகவே இருக்கட்டும்.

அரசு உதவிபெறும் கல்லூரியில் ஆளைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகம், சம்பளம் கொடுப்பது அரசு. உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியமே 57,700 ரூபாய். 'பேசி முடிக்கிற' ஆட்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறார்கள். ஆனால் நிர்வாகம் நியமன ஆணை கொடுத்துவிட்டால் மட்டும் சம்பளம் வந்துவிடாது. அது அனுமதிக்கப்பட்ட பணியிடம்தானா, வந்தவருக்குத் தகுதி இருக்கிறதா என்று கல்லூரிக் கல்வித் துறை பார்த்து ஒப்புதல் தர வேண்டும். நெட், செட் தகுதித் தேர்வுகளில் ஒன்றோ பிஎச்.டி.யோ இல்லாத உங்களுக்கு இன்றைய தேதியில் அந்த ஒப்புதல் கிடைக்காது. ஒப்புதலே வராத வேலைக்கு அவர் விலை பேசுகிறார். இதிலுள்ள குற்றத்தையும் ஒழுக்கத்தையும் ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தால்கூடக் கணக்கு உதைக்கிறது. இன்னொன்றும் நடக்கும். உதவிபெறும் கல்லூரிகள் பலவற்றில் சுயநிதிப் பிரிவும் உண்டு. கல்லூரிப் பெயர் ஒன்றுதான், சம்பளம் வேறு. அரசுச் சம்பளம் என்று பேசிவிட்டு சுயநிதிப் பிரிவில் கொண்டுபோய் உட்காரவைத்தால் யாரிடமும் முறையிட முடியாது. கொடுத்த பணத்துக்கு ரசீது இருக்காதே!

அடுத்தது, பிஎச்.டி. பற்றி நீங்கள் கேட்ட இரண்டு பேச்சும் உண்மைதான்.

பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018இல் கொண்டுவந்த விதிமுறையில், 2021 ஜூலை முதல் பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராக பிஎச்.டி. கட்டாயம் என்று இருந்தது. கொரோனாவைக் காரணம் காட்டி அதைத் தள்ளிவைத்தார்கள். 2023 ஜூலையில் விதியையே திருத்தி, நெட் அல்லது செட்தான் குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. விருப்பத்தைப் பொறுத்தது என்று ஆக்கிவிட்டார்கள். காகிதத்தில் 'கட்டாயமில்லை' என்பது சரி. ஆனால் அதே 2018 விதிமுறையில், விண்ணப்பித்தவர்களில் யாரை நேர்காணலுக்குக் கூப்பிடுவது என்பதற்கு ஒரு மதிப்பெண் அட்டவணை இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கான அட்டவணையில் மொத்தம் 100. அதில் பிஎச்.டி.க்கு 30. ஆய்வு உதவித்தொகைக்கான ஜே.ஆர்.எஃப். தகுதியுடன் நெட் என்றால் 7, வெறும் நெட் 5, செட் 3. ஆய்வுக் கட்டுரைகளுக்கு அதிகபட்சம் 10, அனுபவத்துக்கு அதிகபட்சம் 10. நெட் மட்டும் வைத்திருப்பவர், நெட்டோடு பிஎச்.டி.யும் வைத்திருப்பவரைவிட 30 மதிப்பெண் பின்னால் நின்றுகொண்டு ஓட வேண்டும். அப்படி ஓடி நேர்காணல் அறைக்குப் போய்ச் சேர்ந்தவரை நான் அதிகம் பார்த்ததில்லை. கல்லூரிகளுக்கான அட்டவணை கொஞ்சம் இரக்கமுள்ளது: பிஎச்.டி. 25, ஜே.ஆர்.எஃப். 10, நெட் 8, செட் 5. உங்கள் பள்ளி அனுபவம் இரண்டிலுமே சேராது. இந்த அட்டவணை ஆட்களை வடிகட்டுவதற்கு மட்டும்தான். உள்ளே போனபின் முடிவு நேர்காணலில்.

எனவே வரிசை இப்படி அமைகிறது: முதலில் நெட், பிறகு உதவித்தொகையோடு பிஎச்.டி., அதற்குப் பிறகு பேராசிரியர் வேலை. 'அதுவரைக்கும் சம்பளமே இல்லையா?' என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதற்குத்தான் வரப்போகிறேன். நெட்டை முடித்துவிடுவோம்.

தாவரவியல்காரர்கள் பலர் தவறுவது இங்கேதான். யு.ஜி.சி. நெட் பாடப் பட்டியலில் தாவரவியல் கிடையாது. நீங்கள் எழுத வேண்டியது சி.எஸ்.ஐ.ஆர். - யு.ஜி.சி. நெட் தேர்வில் 'உயிர் அறிவியல்'. யு.ஜி.சி. நெட்டில் சுற்றுச்சூழல் அறிவியல் சுலபம் என்று யாராவது இழுத்தால் போகாதீர்கள். அதில் தேறினால் தாவரவியல் துறை வேலைக்கு அது செல்லுமா என்று ஒவ்வொரு இடத்திலும் வழக்காடிக்கொண்டிருக்க வேண்டும்.

உயிர் அறிவியல் என்றதும் மூலக்கூறு உயிரியல், உயிர்வேதியியல், நோய் எதிர்ப்பியல் என்று மலைப்பாக இருக்கும். தாவரவியலும் விலங்கியலும் உயிர்தொழில்நுட்பமும் ஒரே தாளில் கலந்திருப்பதால் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். தாளின் அமைப்பைப் பாருங்கள். மூன்றாவது பகுதியில் 75 கேள்வி கொடுத்து, 25க்குப் பதில் எழுதினால் போதும் என்கிறார்கள். கேள்விக்கு 4 மதிப்பெண். மொத்தம் 200இல் சரிபாதி அந்தப் பகுதிக்குத்தான். பாடத்திட்டத்தின் 13 அலகுகளில் தாவர உடற்செயலியல், உயிரினப் பன்மை, சூழலியல், பரிணாமம், மரபியல், பயன்பாட்டு உயிரியல் எல்லாம் நீங்கள் கல்லூரியில் படித்தவை. இவற்றை ஆழமாகப் பிடித்துக்கொண்டு, மற்றவற்றில் அடிப்படை மட்டும் தெரிந்துகொண்டவர்கள் தேறுகிறார்கள். பதின்மூன்றையும் சமமாகப் படிக்க நினைப்பவர்கள் மூன்றாவது தடவையிலும் புத்தகத்தின் முதல் பாதியிலேயே இருக்கிறார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழியும். ஊகத்தில் கட்டத்தை நிரப்பாதீர்கள். ஜே.ஆர்.எஃப்.க்கு வயது வரம்பு உண்டு, பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வும் உண்டு. 28 வயதில் உங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. வீணடிக்கிற அளவுக்கு இல்லை. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மட்டும் என்றால் வயது வரம்பே கிடையாது.

மாநிலத் தகுதித் தேர்வான செட் தமிழ்நாட்டுக்குள் செல்லும். எழுதுங்கள், ஆனால் அதை நம்பிக் காலத்தைத் திட்டமிடாதீர்கள். 2024 ஜூனில் நடக்க வேண்டியது தள்ளிப்போய், ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) கைக்கு மாறி, 2025 மார்ச்சில்தான் நடந்தது. அரசுக் கலைக்கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கும் அதே டி.ஆர்.பி.தான். அதன் வரலாறும் அப்படியே. 2019இல் 2,331 இடங்கள் என்றார்கள். கடைசியில் அந்த அறிவிப்பையே கைவிட்டார்கள். 2024 மார்ச்சில் 4,000 இடங்கள் என்று அறிவித்தார்கள். அந்தத் தேர்வும் சொன்ன நாளில் நடக்கவில்லை. உங்கள் ஊர் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியில் நிரந்தரமாக வேலை பார்ப்பதற்கும் இதுதான் வழி என்பதால் டி.ஆர்.பி.யை ஒதுக்கச் சொல்லவில்லை. அது வரும்போது தகுதியோடு இருங்கள், அவ்வளவுதான். பல்கலைக்கழகங்களின் கதை இதற்கும் மேல். ஆசிரியர் தேர்வுக் குழுவுக்குத் தலைமை துணைவேந்தர். ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த இழுபறியில் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல துணைவேந்தரே இல்லாமல் கிடந்தன. தலைமை இல்லாத குழு யாரைத் தேர்ந்தெடுக்கும்? நீங்கள் தினமும் போனில் தேடிக்கொண்டிருந்தது, இன்னும் வெளிவராத விளம்பரங்களை.

ஆனால் திருச்சியைச் சுற்றி வருடம் முழுக்க ஓசையில்லாமல் ஆள் எடுத்துக்கொண்டிருக்கிற வேலை ஒன்று உண்டு. புராஜெக்ட் வேலை.

ஒரு பேராசிரியருக்கோ விஞ்ஞானிக்கோ மத்திய அரசின் ஏதோ ஒரு நிதி நிறுவனம் மூன்று ஆண்டுத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்குகிறது. அந்தப் பணத்திலேயே ஆய்வு உதவியாளர்களுக்கும் சம்பளம் இருக்கும். ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோ, புராஜெக்ட் அசோசியேட், ஃபீல்டு அசிஸ்டென்ட், வேளாண் ஆராய்ச்சி நிறுவனங்களில் யங் புரொஃபஷனல் என்று பெயர் பல. இதற்கு நாளிதழில் அரைப் பக்க விளம்பரம் வராது. அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு மூலையில் இரண்டு பக்க பி.டி.எஃப். ஏறும். பெரும்பாலும் இரண்டு வார அவகாசம்தான். சில சமயம் நேரடியாக வாக்-இன். காலை பத்து மணிக்கு ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளோடு வரச் சொல்வார்கள், பயணப்படி கிடையாது. வேலை தற்காலிகமானது, திட்டம் முடிந்தால் வேலையும் முடியும், நிரந்தரம் கேட்க உரிமை இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்வார்கள். இதைப் படித்துவிட்டுத்தான் பலர் போவதில்லை. நான் போகச் சொல்கிறேன். ஆய்வகம் எப்படி நடக்கிறது, கட்டுரை எப்படி எழுதுகிறார்கள், எந்தப் பேராசிரியரிடம் பணம் இருக்கிறது, யார் மாணவரை முன்னேற்றுகிறார்கள், யார் காய்கறி வாங்க அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் உள்ளே இருந்து பார்த்தால்தான் தெரியும். அப்புறம்தானே ஐந்தாறு வருடத்தை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும்?

உங்களுக்கு முதலில் சொல்லக்கூடிய இடம், தோகைமலை சாலையில் தாயனூர் பக்கம் இருக்கிற தேசிய வாழை ஆராய்ச்சி மையம். 1993 முதல் இயங்குகிறது, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் வருவது. உதயம், காவேரி சபா போன்ற ரகங்கள் அங்கிருந்து வந்தவை. வாடல் நோய், முடிக்கொத்து நோய், திசு வளர்ப்பு, ரகச் சேகரிப்பு என்று அங்கு நடக்கிற வேலைகளில் தாவரவியல் படித்தவருக்கு இடம் உண்டு. முசிறி, தொட்டியம், குளித்தலை என்று ஆற்றின் இரு கரையும் வாழைதான். பூவனுக்கும் ரஸ்தாளிக்கும் இலையைப் பார்த்தே வித்தியாசம் சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்கும். நகரத்திலிருந்து வருகிற எத்தனையோ எம்.எஸ்ஸி.க்களுக்கு அது தெரியாது. வீட்டில் வாழைத் தோட்டம் இருப்பதை அடமானத்துக்கு மட்டும் நினைத்தீர்கள். நேர்காணலில் அதைச் சொல்லுங்கள். ஒரு விஷயம்: வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டங்களில் சீனியர் ரிசர்ச் ஃபெல்லோ (எஸ்.ஆர்.எஃப்.) பணிக்கு, மூன்றாண்டு இளநிலை, இரண்டாண்டு முதுநிலை என்று படித்தவர்களிடம் நெட் கேட்பது வழக்கம். யங் புரொஃபஷனல் பணிகளில் பெரும்பாலும் அந்த நிபந்தனை இல்லை. அறிவிப்பின் தகுதிப் பகுதியை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் தாவரவியல், உயிர்தொழில்நுட்பவியல், நுண்ணுயிரியல், சுற்றுச்சூழல் மேலாண்மைத் துறைகள் உங்களுக்குப் பொருந்தும். நாவலூர் குட்டப்பட்டில் வேளாண் கல்லூரி, சிறுகமணியில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றன. அங்கே நிரந்தரப் பணிகள் வேளாண் பட்டதாரிகளுக்கானவை. தற்காலிகத் திட்டப் பணிகளை மட்டும் கவனியுங்கள். துவாக்குடி என்.ஐ.டி.யை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம், அங்கே தாவரவியல் துறை இல்லை. திருச்சியில் இத்தனை பெரிய பெயர்கள் இருந்தும் உங்களுக்கு உண்மையில் ஆவது நாலைந்துதான். நாற்பது இணையதளங்களை மேய்வதற்குப் பதில் இந்த நாலைந்தை வாரம் ஒருமுறை தவறாமல் திறந்து பார்த்தால் போதும். குழந்தை வளர்ந்து வெளியூர் போக முடிகிற காலம் வந்தால் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல மையம், வன மரபியல் நிறுவனம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சி என்றால் பல்கலைக்கழகம் என்ற உங்கள் எண்ணத்தையும் கொஞ்சம் தளர்த்தலாம். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. கே.எம். மாத்யூ என்ற ஏசு சபைப் பாதிரியார் 1967இல் தொடங்கியது. தமிழ்நாட்டின் கர்நாடிக் நிலப்பகுதித் தாவரங்களைப் பற்றிய பெருந்தொகுதிகள் 1980களில் அங்கிருந்துதான் வெளிவந்தன. இன்றும் தென்னிந்தியத் தாவர வகைப்பாட்டில் வேலை செய்கிறவர் அவற்றைத் தொடாமல் நகர முடியாது. எந்தப் பல்கலைக்கழக வளாகத்திலும் இல்லை, ஒரு கல்லூரிக் கட்டடத்தில் நடந்த வேலை அது. ஜமால் முகமது, நேஷனல், பிஷப் ஹீபர், ஹோலி கிராஸ் என்று திருச்சியின் பழைய கல்லூரிகளிலும் ஆராய்ச்சித் துறைகள் உண்டு, பாரதிதாசனின் பிஎச்.டி.யை அங்கிருந்தும் செய்யலாம்.

வழிகாட்டியைத் தேடும்போது 'யாரிடம் இடம் இருக்கிறது' என்று மட்டும் கேட்பதுதான் வழக்கம். இடம் ஒரு கணக்கு: யு.ஜி.சி.யின் 2022 பிஎச்.டி. விதிப்படி பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 வரை ஒரே நேரத்தில் வழிகாட்டலாம். அதைவிட முக்கியம், அவரிடம் சேர்ந்தவர்கள் முடித்தார்களா என்பது. சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் நாட்டின் பிஎச்.டி. ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வழிகாட்டி பெயரைப் போட்டுத் தேடினால் அவரிடம் யார் என்ன தலைப்பில் எந்த ஆண்டில் முடித்தார்கள் என்று தெரிந்துவிடும். இரண்டு மூன்று ஆய்வேடுகளைப் புரட்டிப் பாருங்கள். ஒன்றைப் போலவே மற்றொன்றும் இருந்து, ஊர்ப் பெயரும் செடிப் பெயரும் மட்டும் மாறியிருந்தால் அந்தப் பக்கம் போக வேண்டாம். பிடித்த ஆய்வேடு கிடைத்தால் அவருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். பத்து வரி போதும். அவருடைய வேலையில் எதைப் படித்தீர்கள், உங்களுக்கு என்ன செய்யத் தெரியும், எப்போது வந்து பார்க்கலாம் என்று கேளுங்கள். 'மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு ஏதாவது வேலை இருந்தால்' என்று நாற்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் நாற்பது பேருமே அழித்துவிடுவார்கள்.

உதவித்தொகை இல்லாமல் முழுநேர பிஎச்.டி.யில் சேராதீர்கள். இதை நான் கறாராகவே சொல்வேன். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் எஸ்.ஆர்.எஃப். ஆனால் 42,000. புராஜெக்டில் இருந்துகொண்டே பதிவு செய்ய அனுமதிக்கிற வழிகாட்டிகளும் உண்டு. பணமே வராமல் சேர்ந்தவர்கள் நாலாம் வருடத்தில் வீட்டுக்குப் பதில் சொல்ல முடியாமல் ஏதாவது வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆய்வேடு அலமாரியில் கிடக்கும். பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு நீட்டிப்பும், 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் விதியிலேயே இருக்கின்றன. யாராவது உங்களிடம் எம்.ஃபில். சேரச் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அதை 2022லேயே நிறுத்தியாகிவிட்டது. பணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் கட்டுரை வெளியிடும் இதழ்களுக்கும் அதே சிரிப்பு. யு.ஜி.சி. தான் ஏற்ற இதழ்களுக்கு வைத்திருந்த கேர் பட்டியலையே 2025 தொடக்கத்தில் கைவிட்டுவிட்டது. 'யு.ஜி.சி. அங்கீகாரம்' என்று இன்று ஓர் இதழ் விளம்பரம் செய்தால் அது ஒன்றே போதும், அதைப் பற்றித் தெரிந்துகொள்ள.

கௌரவ விரிவுரையாளர் வேலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். யு.ஜி.சி. 2019இல் மாதம் 50,000 வரை தரலாம் என்றது. நம் அரசுக் கல்லூரிகளில் தொகுப்பூதியம் அதில் பாதி அளவில்தான். நெட் முடித்தபின் பக்கத்துக் கல்லூரியில் கிடைத்தால் ஓரிரு வருடம் பார்க்கலாம். அதிலேயே பத்து வருடம் உட்கார்ந்துவிட்டவர்களைப் போய்ப் பாருங்கள், நிரந்தரம் செய்யக் கோரிப் போராட்டத்தில் இருப்பார்கள்.

இப்போது செய்ய வேண்டியது சின்ன வேலை ஒன்று. நீங்கள் பிற்படுத்தப்பட்ட அல்லது மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்றால், கையில் இருக்கிற மாநில சாதிச் சான்றிதழ் நெட் தேர்வுக்குப் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். வளமான பிரிவினர் இல்லை என்பதும் அதில் இருக்க வேண்டும். கல்யாணமானவர்கள் கணவர் வீட்டு வருமானத்தைக் கொடுத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். பார்ப்பது உங்கள் அப்பா அம்மாவின் நிலையைத்தான். 8 லட்சம் வரம்பில் அவர்களுடைய சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. தமிழ் வழியில் படித்திருந்தால் அதற்கான சான்றிதழையும் பள்ளி, கல்லூரி இரண்டிலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், டி.ஆர்.பி. கேட்கும். நெட் விண்ணப்பம் திறந்து மூடுவதற்குள் வட்டாட்சியர் அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். இந்த வாரமே இ-சேவை மையத்தில் மனுவைப் போட்டுவிடுங்கள்.